தம்பியிடம் கைநாட்டு வாங்காதீர்கள்

காவிரிக் கரையிலுள்ள சிறு நகரம் ஒன்றிலிருந்து 66 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு முழுப் பக்கம், இரண்டு பக்கமும் எழுத்து. ஊரும் பெயரும் தெரியாதபடி சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், போன ஐப்பசியில் 74 வயதில் காலமானார். உயில் எழுதவில்லை. மூன்று பிள்ளைகள். மூத்த மகன் சென்னையில், மகள் சிங்கப்பூரில். கடைசி மகனுக்கு (இனி இங்கே அவர்தான் 'தம்பி') 31 வயது, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. மாவட்ட அரசு மருத்துவமனை கொடுத்த சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் இருக்கின்றன. காலையில் ஆவின் பூத்துக்குப் போய்ப் பால் வாங்கி வருவார், பாக்கியைச் சரியாக வாங்கி வருவதில் மட்டும் தகராறு. 500 ரூபாய் நோட்டை நிறத்தை வைத்துச் சொல்வார். அப்பா போன பிறகும் மாதம் பிறந்தால் அப்பாவின் காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வங்கிக்குப் போகலாம் என்று வாசலில் நிற்கிறாராம்.

சிக்கல்கள் இவை. அப்பா தம்பியின் சிறு வயதில் அவர் பெயரில் போட்டு, புதுப்பித்துக்கொண்டே வந்த வைப்புநிதி இப்போது 4 லட்சம். வங்கி மேலாளர் "கோர்ட்டில் கார்டியன் ஆர்டர் வாங்கி வாருங்கள்" என்கிறார். அதற்கு மனு போட உள்ளூர் வழக்கறிஞர் 40,000 ரூபாய் கேட்கிறார். வீடு கணவரின் சுயசம்பாத்தியம். எல்லோரும் மூத்தவருக்கு விடுதலைப் பத்திரம், அதாவது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை சுலபம், "தம்பியிடம் ஒரு கைநாட்டு வாங்கிவிடலாம், மூளை வளர்ச்சி இல்லாதவனுக்குப் பங்கே கிடையாது" என்கிறார் பத்திர எழுத்தர். தம்பி பெயரில் 30 லட்சம் போட்டுவிடுகிறேன், நல்ல ஹோமாகப் பாருங்கள் என்கிறார் மகள். கார்டியன் போட்டால் ஓட்டுரிமை போய்விடும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். "நான் இருக்கிற வரைக்கும் கவலையில்லை. எனக்கு அப்புறம்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

அந்த விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் வாங்கியாகிவிட்டது என்று கடைசிப் பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பத்திரத்தில் இப்போது யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். தாள் வாங்கிய காசு போனால் போகட்டும்.

தம்பிக்குக் கால் பங்கு உண்டு

பத்திர எழுத்தர் சொன்னது மிகப் பழைய கதை. இந்து தர்மசாஸ்திரத்தில் ஒரு காலத்தில் அப்படி இருந்தது உண்மைதான். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவில், நோயோ குறையோ ஊனமோ இருக்கிறது என்பதற்காக யாரும் வாரிசுரிமையை இழக்க மாட்டார்கள் என்று நேராகவே சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட எழுபது வருடம் ஆகிறது. இன்னும் பதிவு அலுவலக வாசலில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

உங்கள் கணவர் உயில் எழுதாமல் இறந்ததால், அவர் சம்பாதித்த வீடு அவர் இறந்த அன்றே நான்காகப் பிரிந்துவிட்டது. உங்களுக்குக் கால், மூத்தவருக்குக் கால், மகளுக்குக் கால், தம்பிக்குக் கால். இதற்கு யாரும் தனியாக எழுதித் தர வேண்டியதில்லை. மாடி வாடகை 6,000 என்றால் அதில் 1,500 தம்பியுடையது. வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "அவன் பேர் எதுக்கு" என்று விட்டுவிட்ட சான்றிதழ்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கைநாட்டு விஷயத்துக்கு வருவோம். தான் என்ன எழுதிக் கொடுக்கிறோம், அதனால் தனக்கு என்ன ஆகும் என்று புரியாத ஒருவரிடம் வாங்கும் ஒப்பந்தம் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அப்படிப்பட்டவர் என்று தோன்றினால் பதிவை மறுக்க வேண்டும் என்று சார்பதிவாளருக்கும் பதிவுச் சட்டம் 35-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவில் இருக்கும் சொற்கள் இன்று யாரும் வாயால் சொல்லக் கூசும் சொற்கள், அது வேறு விஷயம். ஒருவேளை அன்றைக்கு யாரும் கவனிக்காமல் பதிவாகிவிட்டால் என்ன? பத்து வருடம் கழித்து மூத்தவர் அந்த வீட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வழக்கறிஞர் தம்பியின் அடையாள அட்டையைப் பார்ப்பார். அன்றைக்கு மாட்டிக்கொள்வது மூத்தவர்தான். அவர் நல்லது செய்யத்தான் நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அவரிடம் இப்படியே சொல்லுங்கள்: இந்தப் பத்திரம் உனக்கும் பாதுகாப்பு இல்லை.

"அவன் பேருக்கு எழுதினால் அவன் தம்பியைப் பார்த்துத்தானே ஆக வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். பத்திரத்தில் எழுதாத கடமையைச் சட்டம் தேடிப் பிடித்து நிறைவேற்றித் தராது. மூத்த குடிமக்கள் சட்டம், 2007 இருக்கிறதே, எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யலாமே என்று நினைக்கலாம். அதன் 23-ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்த மூத்த குடிமக்களை, அதாவது உங்களை, கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. உங்கள் காலத்துக்குப் பிறகு தம்பி அதைப் பிடித்துக்கொண்டு போய் நிற்க முடியாது. மூத்தவர் கடைசிவரை இப்படியே இருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்கே ஒன்று ஆகி, வீடு அவர் மனைவி மக்களுக்குப் போனால்? அவர்களுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு துண்டுத் தாள்கூட இருக்காது.

"அம்மா நானிருக்க எதுக்கு கார்டியன்?"

இந்த வரியைக் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயம்தான். 31 வருடம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிய தாயிடம் வந்து ஆர்டர் கேட்டால் யாருக்கும் வரும். ஆனால் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. பிள்ளைக்கு 18 வயது முடிகிற வரைதான் பெற்றோர் இயற்கைப் பாதுகாவலர். அதற்கு மேல் தம்பி, சட்டத்தின் கண்ணில், உங்களையும் என்னையும் போல வயது வந்த குடிமகன். அவர் சார்பாக வங்கியில் கையெழுத்துப் போட உங்களுக்குத் தனியாக அதிகாரம் வேண்டும்.

அந்த அதிகாரத்தைக் கோர்ட்டில்தான் வாங்க வேண்டும் என்று வங்கி சொன்னது தவறு. 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் மைனர்களுக்கானது. தம்பிக்குப் பொருந்துவது 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்ற நான்கு வகையினருக்காக மட்டும் வந்த சட்டம் இது. இதன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்க வேண்டும். மூன்று பேர்: மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாத அரசு அதிகாரி, அறக்கட்டளையில் பதிவு செய்த அமைப்பு ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். பாதுகாவலரை நியமிப்பது இந்தக் குழு. 14-ஆம் பிரிவின்படி பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம்.

இதற்கு வக்கீல் தேவையில்லை என்று ஒரு வக்கீலே சொல்கிறேன். அந்த 40,000 ரூபாயைத் தம்பிக்கே செலவழியுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் பாதுகாவலர் நியமன விண்ணப்பம், படிவம் ஏ வேண்டும் என்று கேளுங்கள். குறைபாட்டுச் சான்றிதழ், அடையாள அட்டை, ஆதார், இருப்பிடச் சான்று, கணவரின் இறப்புச் சான்றிதழ், உங்கள் புகைப்படமும் தம்பியின் புகைப்படமும் கொண்டு போங்கள். மூத்த மகனும் மகளும் "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தையும் கூடவே வையுங்கள், குழுவின் கேள்விகள் பாதி குறையும்.

விசாரணை நாளன்று தம்பியையும் அழைத்துப் போக வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம். நான் உடனிருந்த ஒரு விசாரணையில் அதிகாரி அந்தப் பையனிடம், "உன்னை யாருப்பா பாத்துக்கறாங்க?" என்று கேட்டார். "அம்மா. அப்புறம் அக்கா. மாமா திட்டுவாரு" என்றான் அவன். மாமாவைத்தான் பாதுகாவலராகப் போடச் சொல்லி விண்ணப்பம் வந்திருந்தது. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். தம்பி கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லாமல் இருக்கலாம், சிரித்துக்கொண்டே இருக்கலாம். காக்கிப் பையை எடுத்து வரட்டும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் நேராக வங்கிக்குப் போங்கள். இந்தக் குழு கொடுக்கும் பாதுகாவலர் சான்றிதழை வைத்துக் கணக்குத் தொடங்கவும் நடத்தவும் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. எங்கே சான்றிதழ் வாங்கலாம் என்ற விவரத்தைக் கிளையில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. உங்கள் கிளைச் சுவரில் நகைக்கடன் விளம்பரத்துக்கு நடுவே அது இருக்கிறதா என்று பாருங்கள். மேலாளர் மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். "மறுப்பை எழுத்தில் கொடுங்கள்" என்று ஒரு கடிதம் நீட்டுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதத்தோடு விஷயம் முடியும். முடியாவிட்டால் அந்த நகல்தான் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கு உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

பாதுகாவலர் ஆன பிறகு உங்களுக்குச் சில வேலைகள் வந்து சேரும். நியமனமான ஆறு மாதத்துக்குள் தம்பியின் சொத்துப் பட்டியலைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். கால் பங்கு வீடு, 4 லட்சம் வைப்புநிதி, அவ்வளவுதான். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு. 40 பக்க நோட்டு ஒன்று போதும். இதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு வரப் போகிறவரும் இதே கணக்கைக் காட்டியாக வேண்டுமே, அது தம்பிக்குத்தானே நல்லது! பாதுகாவலர் சரியில்லை, சொத்தைத் தின்கிறார் என்று தெரிந்தால் உறவினரோ பதிவு செய்த அமைப்போ 17-ஆம் பிரிவில் மனுக் கொடுத்து அவரை நீக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சான்றிதழ் வந்ததும், தம்பிக்குப் பதில் நீங்களே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். அவர் பங்கைக் காப்பதற்காக நியமிக்கப்பட்டவர் அதை இன்னொருவருக்குச் சும்மா விட்டுக்கொடுக்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 13-ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும் வாரிசாகப் பெறவும் தம்பிக்கு மற்றவர்களோடு சமமான உரிமை தருகிறது. அவருக்குத் துணை நிற்பவரின் சொந்த நலனும் அவர் நலனும் மோதுகிற விவகாரத்தில் துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. என்றைக்காவது வீட்டை நிஜமாகவே விற்கத்தான் வேண்டும் என்றால், தம்பியின் பங்குக்கு நீதிமன்ற அனுமதி வாங்கி, பணத்தை அவர் பெயரில் போட்டுச் செய்யுங்கள்.

ஓட்டுரிமை பற்றி எதிர்வீட்டுக்காரர் சொன்னது சரியில்லை. வாக்காளர் பட்டியலில் இருந்து நீக்க, மனநிலை சரியில்லாதவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். குழு கொடுக்கும் சான்றிதழ் அப்படிப்பட்ட அறிவிப்பு கிடையாது. போன தேர்தலில் அப்பாவோடு போய் விரலில் மை வைத்துக்கொண்டு வந்து தெருவெல்லாம் காட்டினார் என்று எழுதியிருந்தீர்களே, அடுத்த தேர்தலிலும் காட்டட்டும்.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி

நான்கு பக்கத்தில் ஓய்வூதியத்தைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: "அவர் பென்ஷனில் பாதிக்கு மேல் எனக்கு வருகிறது, மாதம் 18,500, அதுவும் என்னோடு போய்விடும்." போகாது அம்மா. என்னைக் கேட்டால் உங்கள் கவலைக்கு மிகப் பெரிய மருந்தே இதுதான்.

உங்கள் கணவர் மத்திய அரசு ஊழியர். மத்தியக் குடிமைப்பணி ஓய்வூதிய விதிகள், 2021-இல் 50-ஆம் விதி குடும்ப ஓய்வூதியத்தைப் பற்றியது. மனைவிக்குப் பிறகு, 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் யாரும் இல்லாவிட்டால், சம்பாதித்துப் பிழைக்க முடியாத அளவு குறைபாடுள்ள மகனுக்கோ மகளுக்கோ அது ஆயுள் முழுவதும் போகும். 25 வயது வரம்பு அவர்களுக்குக் கிடையாது. உங்கள் மூத்தவரும் மகளும் அந்த வயதைத் தாண்டிவிட்டதால் உங்களுக்கு அடுத்தது தம்பிதான். அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்பதால், அவர் சார்பில் யார் பணத்தை வாங்குவது என்று ஓய்வூதியர் நியமனம் கொடுத்து வைக்கலாம். அவர் கொடுக்காமல் போயிருந்தால் மனைவியான நீங்கள் கொடுக்கலாம். மேலே சொன்ன குழுவின் பாதுகாவலர் சான்றிதழும் இதற்குச் செல்லும்.

இந்த வேலையை நீங்கள் நல்லபடியாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே செய்தாக வேண்டும். கணவர் கடைசியாக வேலை பார்த்த பிரிவின் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம், கூடவே குறைபாட்டுச் சான்றிதழ் நகல், ஓய்வூதிய ஆணை நகல், நியமனம். பி.பி.ஓ. என்று சொல்கிற அந்த ஆணையிலேயே தம்பியின் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெற்றோர் இருவரும் போன பிறகு, குறைபாடு எப்போது வந்தது, இவர் அவருடைய மகன்தானா என்று நிரூபிக்க ஓர் அண்ணன் மூன்று வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதைக் கூட இருந்து பார்த்தேன். அம்மா ஒரு கடிதம் போட்டிருந்தால் வேலை அதற்குள் முடிந்திருக்கும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. மகள் தருவதாகச் சொன்ன 30 லட்சத்தை இங்கேதான் யோசிக்க வேண்டும். குடும்ப ஓய்வூதியம் தவிர்த்துத் தம்பிக்கு வேறு வழியில் வரும் வருமானம், அவருக்குச் சேர வேண்டிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தையும் அதன் அகவிலைப்படியையும் சேர்த்த தொகைக்குக் கீழே இருக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் வந்த தளர்வு இது. கணவர் 74 வயதில் காலமானதால் உங்களுக்கு இப்போது வருவதே சாதாரண விகிதம்தான், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஆகவே உங்கள் 18,500-தான் இன்றைய கோடு.

கணக்குப் போடுவோம். வாடகையில் தம்பியின் பங்கு 1,500. 4 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் மாதம் சுமார் 2,330. இரண்டும் சேர்ந்து 4,000 கூட வரவில்லை, பிரச்சினையே இல்லை. இப்போது மகளின் 30 லட்சத்தையும் அவர் பெயரில் வைப்புநிதியாகப் போட்டு, முழு வாடகையும் அவருக்கே வரும்படி எழுதி வைத்தால்? வட்டி 17,500, பழைய வைப்புநிதி 2,330, வாடகை 6,000. மொத்தம் 25,800-ஐத் தாண்டுகிறது. ஆயுள் முழுக்க, அகவிலைப்படியோடு ஏறிக்கொண்டே போகிற ஓய்வூதியம் கைவிட்டுப் போகும். பாசத்தில் செய்வது பாதகமாக முடியும். மகளிடம் பணத்தை வேண்டாம் என்று சொல்லாதீர்கள், தம்பி பெயரில் நேரடியாகப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தமிழ்நாடு அரசு தரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இப்போது தம்பிக்கு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதுகாவலர் நியமனத்தால் அது நிற்காது. அதோடு, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் அவரைச் சேர்த்துவிடுங்கள். வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, சேரும்போது மருத்துவப் பரிசோதனை இல்லை, வெளிநோயாளிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு. அறக்கட்டளையில் பதிவு செய்த அமைப்புகள் வழியாகச் சேர்க்கலாம். நல அலுவலகத்தில் கேட்டால் உங்கள் மாவட்டத்தில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று சொல்வார்கள்.

"எனக்கு அப்புறம்?"

இந்தக் கேள்வியோடு வருகிற பெற்றோர் எல்லோரும் ஒரே ஒரு ஆளைத்தான் தேடுகிறார்கள். சோறு போட, பணத்தைப் பார்க்க, வீட்டைக் காக்க, எல்லாவற்றுக்கும் ஒரே பிள்ளை. நான் அதற்கு நேர்மாறாகத்தான் சொல்வது வழக்கம். கூட இருப்பவர் ஒருவர், பணத்தைக் கையாள்பவர் இன்னொருவர், வீடு இருவர் கையிலும் தனியாக இல்லாமல். அப்படியிருந்தால் ஒருவர் சறுக்கினாலும் மற்றவர் கேட்பார்.

உங்கள் வீட்டுக்கு எனக்குத் தோன்றுவது இது. பாதுகாவலர் விண்ணப்பத்தில் உங்களோடு மூத்தவரையும் கூட்டாகச் சேர்க்க முடியுமா என்று குழுவிடம் கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை, பெற்றோர் இருவரும் இல்லாத நிலையில் உடன்பிறந்தவர்கள் விண்ணப்பிக்க விதிகளில் இடம் உண்டு. மகள் பாதுகாவலராக விரும்பினால் முதலில் ஒன்று கேளுங்கள்: கையில் இருக்கும் சிங்கப்பூர் அடையாள அட்டை (ஐசி) நீலமா, பிங்க்கா? நீலம் என்றால் நிரந்தர வாசி, இன்னும் இந்தியக் குடிமகள். பிங்க் என்றால் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார், அப்போது முடியாது. பாதுகாவலர் இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பாதுகாவலராக முடியாவிட்டாலும் அவரைச் சும்மா உட்கார வைக்க வேண்டியதில்லை.

மகளின் பணத்தையும், விருப்பப்பட்டால் நீங்கள் மூவரும் வீட்டில் உங்கள் முக்கால் பங்கையும், ஒரு தனியார் குடும்ப டிரஸ்டில் வைக்கலாம். 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டப்படி, வீடு மாதிரி அசையாச் சொத்து என்றால் பதிவு செய்த பத்திரமோ உயிலோ வேண்டும். பலன் பெறுபவர் தம்பி. டிரஸ்டிகள் மூத்தவர், மகள், குடும்பத்துக்கு வெளியே நம்பிக்கையான ஒருவர். பணம் எடுக்க இருவர் கையெழுத்து. தம்பி காலத்துக்குப் பிறகு மிச்சம் இருப்பது பேரப் பிள்ளைகளுக்கு என்று எழுதிவிட்டால் மூத்தவரின் மனத்தாங்கலும் தீரும். "நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு என்ன இருக்கிறது?" என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் அந்த விடுதலைப் பத்திர யோசனைக்குள் அந்தக் கேள்வி இருக்கிறது. அதில் தப்பும் இல்லை. எவ்வளவு செலவழிப்பது என்பதை டிரஸ்டிகளே முடிவு செய்யும்படி எழுதினால் உச்ச விகித வருமான வரி வரக்கூடும். மாதாமாதம் இவ்வளவு தம்பிக்கு என்று எழுதினால் அது அவர் வருமானமாகி முன்னால் சொன்ன கோட்டில் இடிக்கக்கூடும். ஆகவே வாசகத்தை எழுதும்போது ஒரு ஆடிட்டர் பக்கத்தில் இருக்கட்டும். இதற்கு வக்கீலும் தேவை, முன்பு மிச்சம் பிடித்த காசில் கொஞ்சம் இங்கே போகும்.

டிரஸ்ட் எல்லாம் இப்போது மலைப்பாக இருந்தால் ஓர் உயிலாவது எழுதி வையுங்கள். வெள்ளைத் தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம், நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிகள் பலன் பெறாதவர்களாக இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுங்கள். உயிலில் நீங்கள் எழுத முடிவது உங்கள் கால் பங்கை மட்டும்தான், முழு வீட்டை அல்ல. தம்பி இருக்கும் வரை கீழ்வீட்டில் குடியிருக்க உரிமை, அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு என்று எழுதலாம்.

ஹோம் என்ற பேச்சு வந்தாலே நீங்கள் மகளோடு சண்டை போடுகிறீர்கள். எடுத்த எடுப்பில் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், எடுத்த எடுப்பில் சரி என்றும் சொல்லாதீர்கள். மொத்தமாக 8 லட்சம் கட்டினால் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஓர் இல்லம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 50-ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இப்படி ஓர் இல்லம் நடத்தக் கூடாது. முதலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். சான்றிதழ் இருந்தாலும் மொத்தப் பணம் ஒரே தடவையில் கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மாதக் கட்டணம் என்றால் பிடிக்காவிட்டால் அழைத்து வந்துவிடலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பாருங்கள். பகலில் மட்டும் போய்வரும் மையம் பக்கத்தில் இருந்தால் அங்கே சேர்க்கலாம். நீங்கள் திருப்பதி போகும்போது ஒரு வாரம் தங்க வைத்துப் பார்க்கலாம். நீங்கள் இல்லாத வீட்டில் தூங்க அவர் ஒரு வாரமாவது பழகியிருப்பது, நீங்கள் இருக்கும்போதே நடந்தால் நல்லது. பால் வாங்கப் போகும் தெருவும் வங்கிக்குப் போகும் பையும் இல்லாத இடத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்பதை நீங்களே பார்த்து முடிவு செய்யலாம்.

அவசர வரிசை கேட்டால்: இந்த வாரம் ஓய்வூதிய ஆணையில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம், பதிவுத் தபாலில். அதே நேரத்தில் படிவம் ஏ. சான்றிதழ் வந்ததும் வங்கி. டிரஸ்ட் பேச்சு, மகள் அடுத்த விடுமுறைக்கு வரும்போது மூவரும் உட்கார்ந்து. ஓய்வூதிய ஆணையின் நகலை, பெயர்களை மறைத்து, எனக்கும் ஒன்று அனுப்புங்கள். தம்பியின் வருமானக் கோட்டை அதிலுள்ள தொகையை வைத்து ஒருமுறை சரிபார்த்துச் சொல்கிறேன். மகள் பணம் அனுப்புவதை அதுவரை நிறுத்தி வைக்கட்டும்.